காலிக் கோட்டைக்குள் தங்குவது அந்தப் பணத்துக்குத் தகுமா?

டிசம்பர் நடுவில் கோயம்புத்தூரிலிருந்து இலங்கைக்கு வருவதாகவும், அறுபத்தெட்டு வயதான தாயாரும் பள்ளியில் படிக்கும் மகனும் உடன் வருவதாகவும், தென் கரையில் உள்ள காலி நகரத்துக் கோட்டைக்குள் ஒரு பூட்டிக் ஹோட்டல், அதாவது சில அறைகளே கொண்ட சொகுசு விடுதி, வெளியே உள்ள கடற்கரை விடுதியைப் போல் மூன்று மடங்கு வாடகை கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பகலில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாதா என்பது உங்கள் கேள்வி. பகலில் வந்து போகிறவருக்குக் கிடைக்காத எது இரவு தங்குகிறவருக்குக் கிடைக்கிறது, அதைத் தரக்கூடிய ஹோட்டலை எப்படி அடையாளம் காண்பது என்று அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கட்டடப் பாதுகாப்பில் பயிற்சி பெற்று, தென் கரையோரத்துப் பழைய வீடுகளைச் சீரமைக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். ஆகவே சுவரையும் கூரையையும் முற்றத்தையும் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். உணவகங்களுக்கு மதிப்பெண் போடுவது என் துறை அன்று. வாடகை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் தொகை எதையும் இங்கே எழுதவில்லை.

இந்த ஊர் ஏன் இன்னும் இப்படி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் நீங்கள் கொடுக்கும் வாடகையின் நியாயம் அதில்தான் இருக்கிறது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கீசர், அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், கடலுக்குள் நீண்டிருக்கும் இந்த நிலமுனையின் கழுத்தை ஒரு மதிலாலும் மூன்று கொத்தளங்களாலும் அடைத்தார்கள். 1640 மார்ச்சில் சில நாள் முற்றுகைக்குப் பிறகு ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அதைக் கைப்பற்றினர். தரைப்பக்க மதிலைப் புதுப்பித்ததோடு, அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் கடலோரம் முழுவதையும் சுற்றி மதில் எழுப்பி, உள்ளே நேர்கோட்டுத் தெருக்களும் களஞ்சியங்களும் கழிவுநீர்க் கால்வாய்களும் கொண்ட ஒரு நகரத்தையே அமைத்தனர். 1796இல் கொழும்பு பணிந்த கையோடு காலியும் சண்டையின்றி ஆங்கிலேயரிடம் கைமாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீராவிக் கப்பல்கள் நின்று போன துறைமுகம் காலிதான். ஆனால் அதன் துறையில் நீருக்கடியில் பாறைகள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளும் தடையின்றி உள்ளே வரும். கொழும்புத் துறைமுகத்தில் அலைகளைத் தடுக்க 1875இல் தொடங்கிய அலைதாங்கிச் சுவர் 1885இல் முடிவடைந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. வணிகம் போன ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டும் அவசரமும் பணமும் எவருக்கும் இருக்கவில்லை. காலியின் வீழ்ச்சிதான் அதன் வீடுகளைக் காப்பாற்றியது என்று நான் கருதுகிறேன். 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது உள்ளே மக்கள் குடியிருந்தார்கள், இன்றும் குடியிருக்கிறார்கள், நீதிமன்றங்களும் பள்ளிகளும் உள்ளேயே இயங்குகின்றன.

மதிலைச் சுற்றி நடப்பதற்கு அவசரப்படாத நடையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். தரைப்பக்கத்தில் நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்ற மூன்று கொத்தளங்கள் நிற்கின்றன. சந்திரக் கொத்தளத்தில் 1883ஆம் ஆண்டின் மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது. அங்கிருந்து வெளியே பார்த்தால் காலி கிரிக்கெட் மைதானம் காலடியில் தெரியும். 2010 ஜூலையில் இந்தியாவுக்கு எதிராக முத்தையா முரளிதரன் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது அந்த ஆடுகளத்தில்தான் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். மதிலின் மேல் நின்று போட்டி பார்ப்பது இங்கே பழைய வழக்கம். மேற்குப் பக்க மதிலை மாலைக்கும், வெளிச்சவீட்டிலிருந்து துறைமுகத்தை நோக்கிப் போகும் கிழக்குப் பக்கத்தைக் காலைக்கும் ஒதுக்கிக்கொள்வது நல்லது. கடலோர மதிலின் பெரும்பகுதியில் கைப்பிடி கிடையாது; தாயாரின் கையையும் மகனின் ஆர்வத்தையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடங்கள் அவை.

நடக்கும்போது ஓரிடத்திலாவது குனிந்து, சாந்து உதிர்ந்த மதில் முகப்பை அருகில் பாருங்கள். கருங்கல்லுக்கு இடையே மூளையின் மடிப்பைப் போன்ற கோடுகளுடன் வெளிறிய கற்கள் தெரியும். அவை முருகைக்கற்கள், அதாவது கடலில் வளர்ந்த பவளத் திட்டுகளிலிருந்து வெட்டியெடுத்தவை. அதே முருகைக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பில்தான் சாந்து குழைத்தார்கள். கடலே கல்லும் சாந்துமாகிக் கடலைத் தடுத்து நிற்கும் இந்த மதிலை 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி மோதியது. வெளியே பேருந்து நிலையமும் மைதானமும் சிதைந்து போயின. பல உயிர்கள் போயின. மதிலுக்குள் பெருஞ்சேதம் இல்லை. பீரங்கிக் குண்டுக்காகக் கட்டிய கனம் அலைக்கு எதிராகப் பயன்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. துறைமுகப் பக்கத்துப் பழைய வாயிலையும் தவற விடாதீர்கள். அதன் வெளிமுகத்தில் ஆங்கிலேய அரசச் சின்னம். உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்த வணிகக் கம்பனியின் எழுத்துச் சின்னமும் இரு சிங்கங்களும் உச்சியில் ஒரு சேவலும், உரோம எண்ணில் 1669 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கும். வாகனங்கள் நுழையும் இன்றைய பெருவாயில் 1873இல் தரைப்பக்க மதிலை உடைத்து ஆங்கிலேயர் திறந்தது.

இவை எல்லாவற்றையும் பகலிலேயே பார்த்துவிடலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும், பார்க்கலாம்தான். ஆனால் காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் கோட்டைத் தெருக்கள் சுற்றுலா வண்டிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் உரியவை. வெயில் முருகைக்கல்லிலும் தெருக்கல்லிலும் பட்டுத் திரும்பி அடிக்கும். அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அந்த நேரத்தில் மதிலின் மேல் நடை ஏற்றதன்று. பேருந்துகள் போன பின், சூரியன் மறைந்த பின், உள்ளூர்ப் பிள்ளைகள் மதிலடிப் புல்வெளியில் பந்து விளையாடுவார்கள். குடும்பங்கள் வெளியே வந்து காற்று வாங்குவார்கள். விறாந்தைகளில் விளக்கு எரியும். விடியற்காலையில் மீரா பள்ளிவாசலின் பாங்கும், சற்றுப் பொறுத்துப் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளின் நடையும், ஒன்பது மணிக்கு முன்னரே நீதிமன்றச் சதுக்கத்து மரநிழலில் கோப்புகளோடு கூடும் சட்டத்தரணிகளும் இருப்பார்கள். உள்ளே தங்குகிறவர் வாங்குவது இந்த நேரங்களைத்தான். இவை உங்களுக்கு வேண்டும் என்றால் ஓர் இரவுக்காவது அந்த வாடகை தகும். கடலில் குளிப்பதே குடும்பத்தின் விருப்பம் என்றால், ஐந்தாறு கிலோமீற்றர் அப்பால் உனவட்டுனவில் தங்கிக்கொண்டு மாலை நான்கு மணிக்குக் கோட்டைக்கு வந்து இரவு உணவு முடித்துத் திரும்புங்கள். பெரிய இழப்பு எதுவும் இல்லை.

இனி ஹோட்டலைத் தேர்வது. கோட்டைக்குள் பூட்டிக் ஹோட்டல் எனப்படுபவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் வீடுகள் அல்லது களஞ்சியங்கள். ஒல்லாந்தர் காலத்து வீட்டின் அமைப்பு எளிமையானது: தெருவை ஒட்டி ஒரு விறாந்தை, அதற்குள் உயரமான கூடம், கூடத்தைத் தாண்டினால் வானம் தெரியும் முற்றம், முற்றத்தைச் சுற்றி இன்னொரு விறாந்தையும் அறைகளும், கடைசியில் கிணறும் சமையலறையும். சுவர்கள் முருகைக்கல்லாலும் செம்புரைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டிய கனத்த சுவர்கள். கூரை அரைவட்ட ஓடு. தெருக்கதவையும் முற்றத்துக் கதவையும் திறந்துவைத்தால் கடற்காற்று வீட்டின் ஊடாக ஓடும். கதவு மூடியிருந்தாலும் அதற்கு மேலுள்ள மரச் செதுக்குச் சட்டத்தின் இடைவெளி வழியே சூடான காற்று வெளியேறும். ஹோட்டலாக மாற்றும்போது இந்த ஓட்டத்தை விட்டுவைத்தார்களா, அடைத்துவிட்டார்களா என்பதே நல்ல மாற்றத்துக்கும் மோசமான மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு. முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு முழு வீட்டையும் குளிரூட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். மெத்தையிலும் அலமாரியிலும் பூஞ்சை வாடை வரும். முற்றம் திறந்திருந்து, அறைக்கு மட்டும் குளிரூட்டி இருக்கும் வீட்டில் நீங்கள் அந்த வீட்டை அது கட்டப்பட்ட விதமாகவே அனுபவிக்கலாம்.

சுவரும் உங்களுக்குச் செய்தி சொல்லும். கடலோரத்துப் பழைய சுவர் நிலத்திலிருந்து உப்புநீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே வெள்ளையாக உப்புப் பூத்தாலும் துடைத்து மறுபடி சுண்ணாம்பு அடித்தால் போதும். சிமெந்து பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே ஏறும். முழங்கால் உயரத்துக்கு மேலே பெயின்ட் கொப்பளித்து, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும், பிறகு பாளம் பாளமாக விழும். ஹோட்டல் பற்றிய இணைய விமர்சனங்களில் 'சுவரில் கறை' என்று யாராவது குறை எழுதியிருந்தால் அதைக் கொண்டு அந்த இடத்தைத் தள்ளிவிடாதீர்கள். சற்று மேடுபள்ளமாக, தொட்டால் குளிர்ச்சியாக, ஆங்காங்கே வெளிறிய கறையோடு இருக்கும் சுண்ணாம்புச் சுவர் ஆரோக்கியமான சுவர். ஹோட்டல்காரர் சரியான செலவைச் செய்திருக்கிறார் என்பதற்கு அது சான்று. கண்ணாடிபோல் மழமழவென்று இருக்கும் சுவரைக் கண்டால்தான் எனக்குக் கவலை வரும்.

பெயர் சொல்லக்கூடிய எடுத்துக்காட்டுகள் இரண்டு தருகிறேன். பெருவாயிலுக்கு அருகே ஒல்லாந்தத் தேவாலயத்தை அடுத்து நிற்கும் அமன்கல்லா, 1684ஆம் ஆண்டுக் கட்டடம். 1860களில் கப்பல் பயணிகளுக்கான நியூ ஓரியன்டல் ஹோட்டலாகி, நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பெயரிலேயே நடந்து, 2000களின் நடுப்பகுதியில் இன்றைய நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஹோட்டலாகவே மூப்படைந்த கட்டடம் என்பதால் அதன் கூடத்துக்கு ஒரு தனி இயல்பு இருக்கிறது. அறை எடுக்காவிட்டாலும் முன் விறாந்தையில் மாலைத் தேநீர் அருந்தலாம். சர்ச் தெருவில் உள்ள காலி போர்ட் ஹோட்டல், வணிகர் ஒருவரின் பழைய மாளிகையைச் சீரமைத்தது. அந்தச் சீரமைப்புக்கு 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. இவை இரண்டும் விலை கூடியவை. உங்கள் வரவுசெலவுக்கு இடையில் ஒரு வழி உண்டு: உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டின் மூன்று நான்கு அறைகளை விருந்தினருக்கு விடுகின்றன. அலங்காரம் குறைவாக இருக்கும்; முற்றமும் விறாந்தையும் காலைச் சாப்பாடும் குறைவில்லாமல் இருக்கும். முதன்முறை வருகிற குடும்பத்துக்கு நான் பெரும்பாலும் இதையே சொல்வேன்.

பதிவு செய்யும் முன் ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் அறை பழைய வீட்டில் இருக்கிறதா, பின்னால் சேர்த்துக் கட்டிய புதுப் பகுதியில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. வலைத்தளத்துப் படம் முன்னதைக் காட்டும், குறைந்த வாடகை அறை பின்னதில் இருக்கும். தாயாருக்காகத் தரைத்தள அறையே வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாடிக்குப் போகும் மரப்படிகள் பல வீடுகளில் ஏணிக்குச் சற்றே மேலானவை, மின்தூக்கி அநேகமாக இராது, குளியலறை வாசலில் ஒரு படி உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும். அறையின் சன்னல் முற்றத்தைப் பார்க்கிறதா, தெருவைப் பார்க்கிறதா, அல்லது சன்னலே இல்லையா என்றும் கேளுங்கள். குறுகிய ஆழமான மனைகளில் நடு அறைகளுக்கு வெளிச்சம் கிடைப்பது கடினம். கார் வாசல் வரை வருமா என்பதையும் உறுதிப்படுத்துங்கள். சாப்பாட்டு விஷயத்தில், தாயார் சைவம் என்றால் ஒரு சொல்லை மறக்காமல் சொல்ல வேண்டும்: மாசி. அப்பத்தோடும் இடியப்பத்தோடும் வரும் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் கலப்பது இங்கே வழக்கம். பருப்பிலும் கீரையிலும்கூடச் சிலர் போடுவார்கள். 'மீன் வேண்டாம்' என்று சொன்னாலும், மாசியை மீனாகவே கருதாமல் போட்டுவிடுகிறவர்களும் உண்டு.

வழிகாட்டிகளும் ஹோட்டல் சிற்றேடுகளும் சொல்லும் கதைகளில் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். மேலே எழுதிய ஆண்டுகள் ஆவணங்களிலும் கல்லிலும் உள்ளவை. விவிலியத்தில் வரும் தர்ஷீஷ் துறைமுகம் காலிதான் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் ஒருவர் முன்வைத்த ஊகம். பலரும் திரும்பத் திரும்பச் சொன்னதால் உண்மைபோல் ஒலிக்கிறது, சான்று இல்லை. கோட்டைக்கடியில் இரகசியச் சுரங்கங்கள் ஓடுவதாகச் சொல்வார்கள். நிலத்தடியில் உறுதியாக இருப்பவை ஒல்லாந்தர் செங்கல்லால் கட்டிய கழிவுநீர்க் கால்வாய்கள். கடலின் ஏற்றவற்றத்தைக் கொண்டு அவற்றைக் கழுவும்படி அமைத்த அந்தப் பொறியியல், எந்தச் சுரங்கக் கதையையும் விட வியப்பானது. ஒரு ஹோட்டல் தன் கட்டடம் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எழுதியிருந்தால், அத்திவாரமும் சில சுவர்களும் அக்காலத்தவையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியும் தெருமுகப்பும் விறாந்தைத் தூண்களும் பெரும்பாலும் பிற்காலத்தவை, ஆங்கிலேயர் காலத்துச் சேர்க்கைகளும் அவற்றில் நிறைய உண்டு. அதனால் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை, பல தலைமுறை கைவைத்த வீடு அப்படித்தான் இருக்கும். கொடிப்பாறைக் கொத்தளத்தில் கடலுக்குள் குதித்துக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களுக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள், கீழே பாறை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடந்த கால் நூற்றாண்டில் கோட்டைக்குள் பல வீடுகள் வெளியாருக்கு விற்கப்பட்டு ஹோட்டலாகவும் கடையாகவும் மாறிவிட்டன. கூரை ஒழுகி விழவிருந்த வீடுகள் அந்தப் பணத்தால் நிமிர்ந்தன என்பது உண்மை. குடியிருந்த குடும்பங்கள் குறைந்தன என்பதும் உண்மை. எஞ்சியிருப்போரில் முஸ்லிம் குடும்பங்கள் கணிசமானவை. அவர்களில் பலர் வீட்டில் பேசுவது தமிழ். நீங்கள் தமிழில் 'ஏதாவது கடை பக்கத்தில் இருக்கிறதா?' என்று கேட்டால், பேச்சு கோவையில் தொடங்கித் தங்கள் உறவினர் சென்னைக்கு வந்துபோன கதை வரை போகக்கூடும். அவர்களிடம் எதையாவது வாங்குங்கள். விறாந்தையில் அமர்ந்திருப்பவரைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். பள்ளிவாசலுக்குள் போக விரும்பினால் தோளும் முழங்காலும் மறைய உடுத்தி, தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கும் அந்தப் பள்ளிவாசல் தூரத்திலிருந்து தேவாலயம்போல் தோன்றும். இரு கோபுர முகப்பைப் பார்த்துப் பலரும் ஏமாறுவார்கள்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக: டிசம்பர் நடுவில் தென்மேற்குக் கடல் அமைதியடையத் தொடங்கிவிடும், பிற்பகலில் ஒரு மழை வரலாம், குடை போதும். கிறிஸ்துமஸ் வாரம் வாடகை உச்சத்துக்குப் போகும் என்பதால் அதற்கு முன்னரே காலியை முடித்துக்கொள்ளுங்கள். அதிவேக நெடுஞ்சாலையில் விரைவாக வந்துவிடலாம். நேரம் இருந்தால் ஒரு வழியையாவது ரயிலில் வாருங்கள். கொழும்பிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், வலப்பக்கச் சன்னலில் நெடுந்தூரம் கடல் கூடவே வரும். காலி நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம், பெட்டி இருந்தால் முச்சக்கர வண்டி பிடியுங்கள்.

கொழும்புக்குத் திரும்பியதும் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலியில் 1911இல் ஒரு பொறியியலாளர், வடிகாலின் மேல் மூடுகல்லாகக் கிடந்த ஒரு பலகைக் கல்லில் எழுத்துகளைக் கண்டார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டுக்குரிய தேதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. தெனாவரை என்பது மாத்தறைக்கு அப்பால் இன்று தெவிநுவர எனப்படும் ஊர். அங்கிருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் அழித்தனர். கல்லின் உச்சியில் இரண்டு சீன டிராகன்கள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டிருக்கும். பாரசீக எழுத்து பெரிதும் தேய்ந்துவிட்டது. தமிழ் வரிகளில் சிலவற்றை, பக்கவாட்டில் வெளிச்சம் விழும் கோணத்தில் நின்றால், உங்கள் மகனால்கூட எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும்.